‘யார் செய்த பாவம்?’ என்று கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இனிப்புநீரால் இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் போய்விட்டது. போன வருடம் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் செய்த வேலையை விட்டுவிட்டேன். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்து 16 வருடம் ஆகிறது. ஈப்போவில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். அங்கே வந்திருந்த ஊழியர், “குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, மெஷினை நம்புகிறவரை ஆண்டவர் கை வைக்க மாட்டார்” என்றார். என் அக்கா இந்து. குலதெய்வத்தைக் கைவிட்டதால்தான் இப்படி என்கிறாள். எங்கள் போதகர் முதலில் வாராவாரம் வந்தார், இப்போது வருவதில்லை. எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. ஒரு ராத்திரி, இவர் போய்ச் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் சபையில் கொடுக்கும் இராப்போஜனம் (அப்பமும் ரசமும்) எடுப்பதில்லை. இந்தக் கஷ்டத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? என் விசுவாசம் போய்விட்டதா?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன் அந்த ஊழியர் மெஷினைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆலோசகராக ஆவதற்கு முன் நான் 19 வருடம் டயாலிசிஸ் தாதியாக வேலை பார்த்தவள். உங்கள் கணவருக்கு ஒரு முறை கூட சிகிச்சை தவறக் கூடாது. தவறினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உடம்பில் தங்கும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். அடியோடு நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இறந்துபோகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘விசுவாசத்தினால்’ இரண்டு தடவை வராமல் இருந்த ஒருவரை மூன்றாவது தடவை ஆம்புலன்சில்தான் கொண்டுவந்தார்கள். அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மனைவியின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மெஷினை நம்புவது ஆண்டவரை நம்பாததற்கு அடையாளம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, “உன்னைக் குணமாக்குவேன்” என்று கர்த்தரே ஏசாயா மூலம் வாக்குக் கொடுத்தார். வாக்கைச் சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கு இருக்கிறதே, பற்று எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அப்புறம் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பில் பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய்கள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அப்படிப்பட்டவர் தன் கடைசிக் கடிதத்தில், “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று எழுதுகிறார். ஒரே ஒரு வரி. துரோப்பீமு என்ன பாவம் செய்தான் என்ற விசாரணை அதில் இல்லை. அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்ற முணுமுணுப்பும் இல்லை. கூட ஊழியம் செய்த ஒருவன் வியாதியில் படுத்தான், அவனை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் நல்லது.

சரி, பாவத்தின் பேச்சுக்கு வருவோம்.

உங்கள் கணவரின் சிறுநீரகம் போனதற்குக் காரணம் இனிப்புநீர். பல வருடங்களாக இரத்தத்தில் ஏறி நின்ற சர்க்கரை, சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தது. அதே சர்க்கரைதான் கால் நரம்பை மரத்துப்போக வைத்து, புண்ணை ஆறவிடாமல் செய்தது. காரணம் என்று கேட்டால் இதுதான். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாத அவர்தான் குற்றவாளி என்றும் சொல்ல வரவில்லை. நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் எண்ணும் இடத்துக்கு, ஓடுகிறவருக்குக் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரும் ரொட்டியும்தான் மதியம்வரை தாங்கும் சாப்பாடு. நம் அப்பாக்கள் அப்படித்தான் உடம்பை ஓட்டினார்கள், பிள்ளைகளும் அதையே பழகிக்கொண்டார்கள்.

அந்த ஊழியரும் உங்கள் அக்காவும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரும் போடுவது ஒரே கணக்கு. கால் போயிருக்கிறது, ஆகவே யாரோ தவறு செய்திருக்க வேண்டும். ஒருவர் அந்தத் தவறுக்கு அறிக்கையிடாத பாவம் என்று பெயர் வைக்கிறார், இன்னொருவர் குலதெய்வக் குற்றம் என்கிறார். இதே கணக்கோடுதான் சீஷர்களும் இயேசுவிடம் போனார்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் அவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அந்த 18 பேரும் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று திருப்பிக் கேட்டார்.

அக்காவோடு இதை வைத்துச் சண்டை போடாதீர்கள். அவள் பயத்தில் பேசுகிறாள். தங்கை வீட்டில் இப்படி ஒன்று நடந்துவிட்டதே, நம் வீட்டிலும் நடந்துவிடுமோ என்ற பயம். காரணம் ஒன்று கிடைத்தால் மனசு கொஞ்சம் அடங்கும், அதுதான். அவள் வீட்டுக்கு வந்து போவதை நிறுத்தவில்லை அல்லவா? இந்த நேரத்தில் அது பெரிய காரியம். ஆனால் அந்த ஊழியரின் கூட்டத்துக்கு நீங்கள் இனிப் போக வேண்டியதில்லை. யார் கூப்பிட்டாலும், “இல்லை, அவருக்கு டயாலிசிஸ் இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும் கூட.

இப்போது அர்த்தம் பற்றி. இதில் நான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும்.

துன்பப்படுகிறவருக்கு அவருடைய துன்பத்தின் அர்த்தத்தை வெளியிலிருந்து இன்னொருவர் கொண்டுவந்து கொடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற வசனம் நம் வீடுகளில் காலண்டரிலேயே தொங்குகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது உயிர். ஆனால் அதை எழுதிய பவுல் அடிபட்டு, சிறையில் கிடந்து, தன் வாழ்க்கையைப் பார்த்துச் சொன்னார். இன்னொருவர் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் இருக்கும்போது, ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். ஜெபிக்க வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் உங்களுக்கு இடம் அந்தப் பெருமூச்சில்தான். அங்கிருந்து யாரும் உங்களைப் பிடித்து இழுத்து 28-ஆம் வசனத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். போகிற நாளில் நீங்களே போய்ச் சேர்வீர்கள்.

பெத்தானியாவில் நடந்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. லாசரு செத்து நாலு நாள் கழித்து இயேசு வருகிறார். மார்த்தாள், “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். அப்புறம் மரியாள் வந்து அதே குறையைச் சொல்கிறாள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், “இவ்வளவு நாள் எங்கே போனீர்?” என்ற கேள்விதான் அது. இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் எந்த விளக்கமும் சொல்லவில்லை. “அவனை எங்கே வைத்தீர்கள்?” என்று கேட்டார், கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். தாமதத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது, அதை அந்த வேளையில் மரியாளுக்குச் சொல்லிப் புரியவைக்க அவர் முயலவில்லை. ஆலோசகர் படிப்பில் நான் கற்றதை எல்லாம்விட இந்த இடம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

சிலுவையிலும் பாருங்கள். இயேசு ஞானஸ்நானம் எடுத்தபோது வானத்திலிருந்து சத்தம் வந்தது. மலையில் மறுரூபமானபோதும் வந்தது. ஆனால் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று குமாரன் கதறிய வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்தச் சத்தமும் வரவில்லை. நீங்கள் கேட்கும் “ஏன்” அவர் வாயிலிருந்தும் வந்ததுதான். பதில் வராத அந்த இடத்தில் அவரும் இருந்திருக்கிறார். ஒரு கிறிஸ்தவளாக என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். உங்கள் கணவர் இந்த நோயில் படுத்ததன் நோக்கம் இன்னதென்று நான் சொன்னால், அது தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோலப் பேசியதாகிவிடும்.

என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 1943-ல் என் தாத்தாவும் போனார். காலராவா, மலேரியாவா, பட்டினியா, எதில் போனார் என்று கடைசிவரை தெரியவில்லை. பாட்டிக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். யுத்தம் முடிந்து, தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் நன்றி ஆராதனை வைத்தபோது பாட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பாட்டுப் பாடவில்லை, வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த பல வருடமும் அப்படித்தான். ஆனால் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பக்கத்து லயத்தில் ஒரு இந்துப் பெண்ணின் புருஷனும் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. கோயிலிலிருந்து வந்ததும் பாட்டி அந்த வீட்டுக்குப் போய், பின்வாசல் படியில் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருப்பாராம். வளர்ந்த பிறகு நான் கேட்டேன், “அவ்வளவு கோவம் இருந்துச்சே, ஏன் பாட்டி கோயிலுக்குப் போனீங்க?” பாட்டி சொன்னார், “வேற எங்க போறது? அவர்கிட்ட சண்டை போடணும்னாலும் அங்கதானே போகணும்.”

உங்கள் விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டீர்கள். போயிருந்தால் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து நீங்கள் ஏன் கோபப்பட வேண்டும்? யோபு பேசாத பேச்சா? பிறந்த நாளையே சபித்தார், கடவுளை வழக்குக்குக் கூப்பிட்டார். அவருடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடி, குற்றம் இல்லாமல் இப்படி நடக்காது என்று அழகாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார்? “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று அந்த நண்பர்களிடம்தான் சொன்னார்.

உங்களுக்கு ஒரு சங்கீதம் தருகிறேன், 88-ஆம் சங்கீதம். அழுது புலம்பும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியோ கடைசியில் நம்பிக்கையில் வந்து நிற்கும். இது நிற்காது. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று முடிந்துவிடும். ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை, இவ்வளவு நூற்றாண்டுகளாக ஜெபமாகவே வைத்திருக்கிறார்கள். வாய் வராத நாளில் இதை வாசித்தால் போதும், ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

அந்த ராத்திரி வந்த நினைப்பைப் பற்றி.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர் என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, இதையே குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் கெட்ட உடம்பு ஒரு முடிவைத் தேடும். நீங்கள் தேடியது அவருடைய சாவை என்று நான் நினைக்கவில்லை, இந்த ஓட்டம் எங்காவது நிற்காதா என்றுதான் ஏங்கியிருக்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னவர்தான். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார், அடையும் தண்ணீரும் அனுப்பினார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பிட வைத்தார். பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களுக்கும் முதலில் வேண்டியது தூக்கம். வாரத்தில் ஒரு ராத்திரியாவது அக்காவோ வேறு யாராவதோ உங்கள் வீட்டில் வந்து படுத்து, அவரைப் பார்த்துக்கொள்ளட்டும். தூங்கியும் அந்த நினைப்பு திரும்பத் திரும்ப வந்தால், அல்லது நானே போய்விடலாம் என்று உங்களுக்கே தோன்றினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதும் அத்திப்பழப் பற்றுப் போடுவது போலத்தான்.

இராப்போஜனத்துக்கு வரும் ஞாயிறே போங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சேவல் கூவுவதற்குள் மறுதலிக்கப்போகிற பேதுரு இருந்தார். ஆபத்து வந்ததும் ஓடப்போகிற மற்றவர்கள் இருந்தார்கள். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தவரே அன்று ராத்திரி, கூடுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று வேண்டினார். இது நீங்கட்டும் என்று நினைத்த உங்களுக்கு அந்தப் பந்தியில் இடம் இல்லாமல் போகுமா? மனசு உறுத்தினால் முதல் நாளே போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அவர் ஏன் வருவதில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கிறது. நியாயமான வருத்தம்தான். என் அனுபவத்தில், பல போதகர்கள் சொல்வதற்கு வார்த்தை தீர்ந்துபோனதும் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள், ராத்திரி பகலாக, ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். “ஐயா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், வந்து உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்” என்று போன் பண்ணிச் சொல்லுங்கள். சபையில் கார் வைத்திருப்பவர்களில் யாராவது வாரத்தில் ஒரு நாள் உங்கள் கணவரை டயாலிசிசுக்கு ஏற்றிப்போய் இறக்க முடியுமா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதற்குத்தான் சபை இருக்கிறது.

இன்னொன்று, சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். உங்கள் கணவர் பல வருடம் சம்பளத்தில் சந்தா கட்டியிருப்பார். வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான பென்சனுக்கு 60 வயதுக்குள் மனுப் போட வேண்டும். தகுதி உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் செலவையும் அவர்கள் ஏற்கிறார்கள். இன்னும் போடவில்லை என்றால் டாக்டரின் அறிக்கையோடு இந்த வாரமே போங்கள். கால் போனதற்குச் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டையும் எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ஊழியர் என்ன சொன்னார் என்று இருக்கிறது, அக்கா சொன்னது இருக்கிறது, போதகர் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. மெஷினில் நாலு மணி நேரம் படுத்துக் கிடப்பவர் நிறைய யோசிக்கிறார், சகோதரி. நான் ஊசி குத்திக்கொண்டே எத்தனையோ ஆண்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் சொன்னால் மனைவி பயந்துவிடுவாள் என்று எனக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மனைவி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பயந்துவிடுவார் என்று அழுகையை அடக்கிக்கொண்டிருப்பாள்.

சிகிச்சை முடிந்த அன்று கேட்காதீர்கள், களைத்துப்போயிருப்பார். மறுநாள் காலையில் கேளுங்கள். ஊசி போடுகிற அந்தக் கையில், இரத்தக் குழாயை இணைத்திருக்கிறார்களே, அதன்மேல் மெல்லக் கை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் அதைத் தொட்டுப் பார்க்கத் தாதிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாளைக்கு அதை நீங்கள் தொட்டுப் பாருங்கள். கையை எடுக்காமலே, “உங்களுக்கு ஆண்டவர்மேல கோவமா?” என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் அழுதாலும் எழுதுங்கள்.